கடலுக்கு எதிரே ஒரு கல்லூரி

1914 ஜூலையில் டோரதி டி ல ஹே என்ற ஆங்கிலப் பெண்மணியின் தலைமையில் சென்னைக் கடற்கரைச் சாலையில் பெண்களுக்கென ஒரு கல்லூரி தொடங்கியது. அவர் படித்தது ஆக்ஸ்போர்டில். அந்த ஆக்ஸ்போர்டு அப்போது பெண்களைப் படிக்கவிட்டது, தேர்வும் எழுதவிட்டது. பட்டம் மட்டும் கொடுக்கவில்லை. அதற்கு 1920 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜ் 1948 வரை இழுத்தடித்தது. சென்னையின் நிலை வேறு. இங்கே மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. மயிலாப்பூரில் பிறந்த ஒரு பால்ய விதவை, பிராமண சமூகத்தின் வசைகளையெல்லாம் தாங்கிக்கொண்டு, மாநிலக் கல்லூரியில் படித்து 1911-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். அவர்தான் பின்னாளில் ஊர் முழுக்க ‘சிஸ்டர்’ என்று அழைத்த ஆர்.எஸ். சுப்புலட்சுமி.

ஆக, சட்டப்படி சென்னையில் கதவு திறந்துதான் இருந்தது. அந்தக் கதவுவரை பெண்ணை அனுப்ப வீடுகள் தயாராக இல்லை. ஆண்கள் நிறைந்த கல்லூரிக்கு மகளை அனுப்பத் தயங்கிய அப்பா, மிஷனரிக் கல்லூரி என்றால் மதம் மாற்றிவிடுவார்கள் என்று அஞ்சினார். இந்த இரண்டு தயக்கங்களுக்கும் ஒரே பதிலாக அரசாங்கம் முன்வைத்ததுதான் கடற்கரைச் சாலையின் ‘சென்னை மகளிர் கல்லூரி’. பெண்கள் மட்டுமே படிப்பார்கள், நடத்துவது அரசாங்கம். அடுத்த ஆண்டு, 1915-ல், மிஷன்கள் சேர்ந்து மகளிர் கிறித்துவக் கல்லூரியைத் தொடங்கின. 1917-ல் கடற்கரைக் கல்லூரிக்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி பெயர் வந்தது: ராணி மேரிக் கல்லூரி.

இந்தக் கல்லூரிக்கும் சென்னைக்கும் இடையில் நூறாண்டுக்கு மேலாக இருந்துவரும் உறவைப் புரிந்துகொள்ள, அது எங்கே நிற்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பாடத்திட்டம், தேர்ச்சி விகிதம், பட்டமளிப்பு விழா என்று கல்லூரி வரலாறுகள் வழக்கமாகச் சொல்லும் செய்திகளால் அந்த உறவு பிடிபடாது. நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை, இன்று காமராஜர் சாலை எனப்படும் கடற்கரைச் சாலையின் மேற்குப் புறத்தில் வரிசையாக நிற்பவை எவை? பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகை, ஆற்காடு நவாபிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய சேப்பாக்கம் மாளிகை, பொதுப்பணித் துறை, மாநிலக் கல்லூரி, தெற்கே காவல்துறைத் தலைமையகம், அகில இந்திய வானொலி. ஆளுநர் கிராண்ட் டஃப் 1880-களில் உலாவும் சாலை அமைத்து மெரினா என்று பெயர் வைத்த நாளிலிருந்து, அரசு தன் முகத்தைக் காட்டுவதற்கென்று வைத்துக்கொண்ட வரிசை இது. அதன் நடுவில் நாள்தோறும் ஆயிரக்கணக்கான பெண்கள், அதுவும் பெரும்பாலும் எளிய குடும்பத்துப் பெண்கள், தங்கள் இடம் என்ற உரிமையோடு நுழையும் ஒரு வளாகம் இருக்கிறது. சென்னை நகரத்தில் பெண்களுக்குக் கிடைத்த முதல் கல்லூரி இதுவே. அவர்களுக்குக் கடற்கரையில் கிடைத்த முதல் நிரந்தர இடமும் இதுதான் என்பேன்.

முதல் வகுப்புகள் நடந்தது கேப்பர் மாளிகையில். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கர்னல் ஃபிரான்சிஸ் கேப்பர் கட்டிய வீடு. பிறகு சில காலம் ஓட்டலாகவும் இருந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவியர்தான் முதலில் வந்தார்கள். ஆனால் கட்டடங்கள் வேகமாக எழுந்தன. 1915-ல் பென்ட்லண்டு மாளிகை, 1918-ல் ஸ்டோன் மாளிகை, 1921-ல் ஜெய்ப்பூர் மாளிகை. பென்ட்லண்டு அன்றைய ஆளுநர். ஜெய்ப்பூர் என்பது ராஜஸ்தானத்து ஊரல்ல. இன்று ஒடிசாவில் இருக்கும், அன்று சென்னை மாகாணத்தோடு சேர்ந்திருந்த ஜமீன். மாகாணம் எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்பதை அந்தப் பெயரே காட்டும். தலைச்சேரியிலிருந்தும் ஆந்திரக் கரையிலிருந்தும் பெண்கள் வந்து விடுதியில் தங்கிப் படித்த கல்லூரி இது.

பக்கத்து வீட்டின் கதை இன்னும் சுவையானது. ‘பீச் ஹவுஸ்’ என்று அழைக்கப்பட்ட அது சர் எஸ். சுப்பிரமணிய ஐயரின் இல்லம். மணி ஐயர் என்று ஊர் அறிந்த அவர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி. தலைமை நீதிபதியாகப் பொறுப்பு வகித்த முதல் இந்தியர். முதிய வயதில் அன்னி பெசன்ட்டின் ஹோம் ரூல் இயக்கத்துக்குத் துணை நின்றார். 1917-ல் அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கு இந்தியாவின் நிலையை விளக்கிக் கடிதம் எழுதினார். அதற்காக லண்டனில் கண்டனம் எழுந்தபோது, அரசு தந்த பட்டங்களையே துறந்தார். அத்தகைய ஒருவரின் வீடு பின்னர் ராணி மேரிக் கல்லூரியோடு சேர்ந்தது. ஆங்கிலேய ராணியின் பெயரைத் தாங்கிய வளாகத்துக்குள் சுயாட்சிக் கிழவரின் வீடு வந்து சேர்ந்தது சென்னைக்கே உரிய முரண். இந்த ஊர் எதையும் முழுதாகத் துடைத்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கியதில்லை.

வடக்கே சில நூறு அடி நடந்தால் ஐஸ் ஹவுஸ். 1842-ல் பாஸ்டன் வணிகர் ஃபிரடெரிக் டியூடர் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கட்டடம். 1897-ல் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கினார் என்பதால் இன்று அது விவேகானந்தர் இல்லம். இந்த இரண்டு கதைகளையும் சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்கிறோம். மூன்றாவது ஒன்று உண்டு. என் பார்வையில் மூன்றிலும் பெரியது அதுதான். 1910-களில் சிஸ்டர் சுப்புலட்சுமி தம் இளம் விதவைகள் இல்லத்தை அங்கே கொண்டுவந்தார். தலை மழிக்கப்பட்டு, நார்மடி உடுத்தி, அடுக்களையின் இருட்டில் காலம் முடிந்துவிடும் என்று விதிக்கப்பட்ட சிறுமிகள், கடல் காற்று வீசும் அந்த வட்டக் கட்டடத்திலிருந்து பள்ளிக்குப் போனார்கள். மேலே படிக்கத் தகுதி பெற்றவர்களுக்குக் கல்லூரி நடக்கும் தூரத்தில் இருந்தது. டி ல ஹேயும் சுப்புலட்சுமியும் ஒரே சாலையில் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள் என்று சொல்லலாம். 1922-ல் இரண்டுக்கும் அருகிலேயே லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தது. அதற்கு முதல்வர் சுப்புலட்சுமி.

இந்த மூன்று வாசல்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் நகரத்துக்கு என்ன நடந்தது என்பது தெரியும். ஒரு பெண் இல்லத்தில் தங்கி, கல்லூரியில் படித்து, பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி பெற்று, தென் சென்னையின் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போனாள். சுப்புலட்சுமி தொடங்கிய சாரதா வித்யாலயம் பின்னர் ராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைக்கப்பட்டு தியாகராய நகரில் வேரூன்றியது. மயிலாப்பூரில் வயது வந்த பெண்களுக்கென அவர் 1942-ல் ஸ்ரீவித்யா கலாநிலையத்தை ஏற்படுத்தினார். 1956-ல் மயிலாப்பூர் மகளிர் மன்றம் வித்யா மந்திர் பள்ளியைத் தொடங்கியதிலும் அவர் பங்கு பெரிது. மயிலாப்பூர், தி. நகர், அடையாறு வீடுகளில் மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்கு அகரம் கற்பித்த ‘டீச்சர்கள்’ எங்கிருந்து வந்தார்கள் என்று தேடினால், வழி கடற்கரைச் சாலையில்தான் முடிகிறது. கல்லூரி நகரத்துக்குத் தந்தவற்றில் புகழ்பெற்ற பெயர்களைவிட இந்தப் பெயர் தெரியாத ஆசிரியைகளையே நான் முதலில் வைப்பேன்.

புகழ்பெற்ற பெயர்களுக்கும் குறைவில்லை. 1897-ல் தலைச்சேரியில் பிறந்த இ.கே. ஜானகி அம்மாள் இங்கே பட்டம் பெற்று, 1921-ல் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஹானர்ஸ் முடித்தார். பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகம், கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி, லண்டன். 1945-ல் மரபியலாளர் டார்லிங்டனோடு சேர்ந்து அவர் எழுதிய பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு உலகெங்கும் தாவரவியலாளர் கைகளில் புழங்கிய நூல். உலகம் சுற்றிய அவர் கடைசிக் காலத்தில் சென்னைக்கே திரும்பினார். மதுரவாயலில் பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டே 1984-ல் மறைந்தார்.

கல்லூரி தோன்றிய அதே 1914-ல் சென்னையில் பிறந்தவர் லட்சுமி சுவாமிநாதன். அம்மா அம்மு சுவாமிநாதன் பின்னாளில் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். லட்சுமி ராணி மேரியில் படித்துவிட்டு மருத்துவக் கல்லூரிக்குப் போனார், 1938-ல் எம்.பி.பி.எஸ். ஐந்தாண்டு கழித்து சிங்கப்பூரில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்று கேப்டன் லட்சுமி ஆனார்.

இசையைச் சொல்லாமல் போக முடியாது. தென்னிந்திய இசை குறித்துப் பல தொகுதிகளில் பாடநூல் எழுதிய பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி இங்கே இசை விரிவுரையாளராக இருந்தார். மியூசிக் அகாடமி உருவான 1920-களின் பிற்பகுதியில் மேடைக் கச்சேரி என்பது ‘நல்ல குடும்பத்துப் பெண்’ணுக்கு ஆகாது என்றிருந்த ஊரில், சங்கீதத்தை வகுப்பறைப் பாடமாக்கி, அதற்கு மதிப்பெண்ணும் பட்டமும் உண்டு என்று ஆக்கியது சிறிய காரியமல்ல. மார்கழி சபாக்களின் முன்வரிசைகளை நிறைத்த, ராகம் பிடிபட்டுத் தாளம் தவறாமல் கேட்கத் தெரிந்த பெண் ரசிகர்களின் கூட்டத்தை உருவாக்கியதில் இத்தகைய வகுப்புகளுக்குப் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

டி ல ஹே 1936 வரை முதல்வராக இருந்தார். அந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் அதே தென் சென்னையில் நடந்தவற்றை நினைத்துப் பாருங்கள். 1917-ல் அடையாறில் இந்திய மாதர் சங்கம். 1921-ல் சென்னை மாகாணச் சட்டசபை, பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதன்முதலாகப் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. அதன்பின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபைக்குள் போனார். 1930-ல் அவ்வை இல்லம். கல்லூரி இவற்றையெல்லாம் நடத்தவில்லை. ஆனால் கையெழுத்திட, கூட்டம் நடத்த, மனு எழுத, கணக்கு வைக்கத் தெரிந்த பெண்கள் நகரத்தில் திரளாக இருந்ததால்தான் அவை நடந்தன.

சுதந்திரத்துக்குப் பிறகு மாணவியர் மாறினார்கள். இதுதான் கல்லூரியின் வரலாற்றில் மிகப் பெரிய திருப்பம் என்றாலும் இதைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. வசதியுள்ள மயிலாப்பூர்க் குடும்பங்கள் மெல்ல மெல்லத் தனியார் கல்லூரிகளை நோக்கி நகர்ந்தன. அரசுக் கல்லூரியின் குறைந்த கட்டணமும் இடஒதுக்கீடும் வேறு வீடுகளின் பெண்களை உள்ளே கொண்டுவந்தன: குப்பங்களிலிருந்து, வியாசர்பாடியிலிருந்து, செங்கல்பட்டு, திருவள்ளூர் கிராமங்களிலிருந்து. வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறும் பெண்கள். 1964-ல் வடசென்னையில் பாரதி மகளிர் கல்லூரியும் 1974-ல் அண்ணா சாலையில் காயிதே மில்லத் அரசு மகளிர் கல்லூரியும் வந்த பிறகும் ராணி மேரிக்கு இருந்த ஈர்ப்பு குறையவில்லை. பறக்கும் ரயில் மயிலாப்பூர் வரை ஓடத் தொடங்கிய 1997-க்குப் பின், கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கி நடந்துவரும் பெண்கள் கூட்டம் அந்த வட்டாரத்தின் காலைக் காட்சியாகிவிட்டது.

1914-ல் எந்த மேல்தட்டுப் பெண்களின் கூச்சத்தைப் போக்க இந்த வளாகம் கட்டப்பட்டதோ, அவர்களின் பேத்திகள் விலகிய இடத்தில் உழைப்பாளிகளின் மகள்கள் வந்து அமர்ந்தார்கள். இதைக் கல்லூரியின் வீழ்ச்சி என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது கல்லூரியின் நிறைவு என்றே படுகிறது. ஒரு பொது நிறுவனம் பொதுமக்களைச் சென்றடைய ஐம்பது அறுபது ஆண்டுகள் பிடித்தன; அவ்வளவுதான்.

ஆனால் சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. நகரத்தின் விலை உயர்ந்த நிலத்தில் எளியவர்கள் இருப்பது அதிகாரத்தின் கண்ணை உறுத்தும். 1985-ல் மெரினாவை அழகுபடுத்துவதற்காக மீனவர்களின் படகுகளையும் வலைகளையும் அகற்ற எம்.ஜி.ஆர். அரசு முனைந்தபோது மோதல் துப்பாக்கிச்சூடு வரை போனது. 1990-களில் ராணி மேரிக்குத் தெற்கே உள்ள காவல்துறைத் தலைமையகத்தின் பழைய கட்டடத்தை இடித்துப் பல மாடி கட்டத் திட்டம் வந்தது. பாரம்பரியக் கட்டடங்களுக்காக இயங்கும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் சென்று அதைக் காப்பாற்றியது. அடுத்த முறை வந்தது கல்லூரிக்கு.

2003 ஏப்ரலில் ஜெயலலிதா அரசு, ராணி மேரிக் கல்லூரி இருக்கும் இடத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அறிவித்தது. அரசின் தேவை பொய்யல்ல. புனித ஜார்ஜ் கோட்டையில் இடநெருக்கடி உண்மை. கோட்டை நிலத்தில் பெரும்பகுதி ராணுவத்திடம், பழைய கட்டடங்கள் தொல்லியல் துறையின் பிடியில். விரும்பியபடி ஒரு சுவரைக்கூட எழுப்ப முடியாத நிலையில் மாநில அரசு அங்கே இருந்துவந்தது. கேள்வி, ஏன் இந்த இடம் என்பதுதான். கல்லூரியை வேறிடத்துக்கு மாற்றிவிடலாம் என்ற எண்ணத்தில், அங்கே படிப்பவர்கள் எதிர்த்துப் பேசக்கூடியவர்கள் என்ற நினைப்பே இல்லை.

அவர்கள் பேசினார்கள். மாணவியர் வளாகத்தை விட்டு வெளியேற மறுத்து உட்கார்ந்தார்கள். ஆசிரியைகளும் முன்னாள் மாணவியரும் சேர்ந்துகொண்டார்கள். எதிர்க்கட்சிகள் வந்தன, வளாகத்துக்குள் சென்று மாணவியரைச் சந்தித்ததற்காக அன்றைய தி.மு.க. சட்டமன்ற உறுப்பினர் மு.க. ஸ்டாலின் அத்துமீறி நுழைந்ததாகக் கைது செய்யப்பட்டார். வழக்குகள் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. அரசு பின்வாங்கியது. அரசியல் கட்சிகளின் ஆதாயக் கணக்கு இதில் கலந்திருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கட்சிகள் வருவதற்கு முன்பே உட்கார்ந்தவர்கள் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்கள். அவர்களில் பலரின் வீட்டில் அரசுக்கு எதிராக அதுவரை யாரும் வாய் திறந்திருக்கமாட்டார்கள்.

அதற்குப் பிறகு தலைமைச் செயலகத்துக்கு என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திட்டம் கோட்டூர்புரத்துக்கு மாறியது; அதுவும் நிறைவேறவில்லை. அடுத்த ஆட்சியில் ஓமந்தூரார் தோட்டத்தில் புதிய வளாகம் எழுந்து 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. 2011-ல் ஆட்சி மாறியதும் செயலகம் கோட்டைக்கே திரும்பியது. புதிய வளாகம் 2014-ல் பன்னோக்கு மருத்துவமனையாயிற்று. செயலகம் இன்றும் கோட்டையில்தான் இருக்கிறது. 2003-ல் கல்லூரி இடிக்கப்பட்டிருந்தால், எந்தத் தேவைக்காக அது இடிக்கப்பட்டதோ அந்தத் தேவை அந்த நிலத்தில் நிறைவேறியிருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

நிலம் தப்பியது, முதல் வீடு தப்பவில்லை. கேப்பர் மாளிகை பல ஆண்டுக் கவனிப்பின்மையால் சிதைந்து, அந்தக் காலகட்டத்திலேயே மறைந்துபோனது. பின்னர் வளாகத்தில் கலைஞர் மாளிகை என்ற பெயரில் பெரிய புதுக்கட்டடம் வந்தது. வகுப்பறைகள் தேவைப்பட்டன, கட்டியது சரியே. ஆனால் புல்டோசருக்கு எதிராகத் திரளத் தெரிந்த நமக்கு, கூரையில் முளைத்த அரசஞ்செடிக்கு எதிராகத் திரளத் தெரியவில்லை. ஒழுகும் மாடியைப் பூசுவதற்கு எந்தக் கட்சியும் மறியல் செய்வதில்லை. பென்ட்லண்டு, ஸ்டோன், ஜெய்ப்பூர் மாளிகைகள் உப்புக் காற்றில் நிற்பவை. சுண்ணாம்புச் சாந்து வேலை தெரிந்தவர்களைக் கொண்டு முறையாகப் பராமரித்தால் இன்னொரு நூறாண்டு நிற்கும். சிமென்ட் பூசி மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லைத் தின்றுவிடும்.

கடந்த சில ஆண்டுகளில் நல்லவையும் நடந்துள்ளன. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளிகளில் படித்து உயர்கல்விக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ராணி மேரி போன்ற கல்லூரியில் இந்த இரண்டும் சேரும்போது, படிப்பை நிறுத்திவிடலாம் என்று நினைக்கும் வீட்டில் ஒரு வாதம் குறைகிறது. இன்னொரு பக்கம், பூந்தமல்லியிலிருந்து வரும் மெட்ரோ பாதையின் கடைசி நிலையம் கலங்கரை விளக்கத்தில் அமைகிறது. வந்துசேர்வது எளிதாகும், நிலத்தின் மேல் விழும் கண்களும் கூடும். 2003-ஐ மறந்துவிடக்கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

நினைவில் வைத்துக்கொள்ள ஆவணம் வேண்டும். கல்லூரியின் பழைய சேர்க்கைப் பதிவேடுகள், ஆண்டு மலர்கள், விடுதிக் குறிப்புகள் எல்லாம் சென்னைப் பெண்களின் சமூக வரலாற்றுக்கு வேறெங்கும் கிடைக்காத மூலங்கள். எந்தத் தெருவிலிருந்து, எந்தத் தொழில் செய்த தகப்பனின் மகள், எந்த ஆண்டில் வந்து சேர்ந்தாள் என்பதை அவை சொல்லும். அவற்றை மின்னுருவாக்கி ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட உயர்கல்வித் துறை முன்வர வேண்டும். ரோஜா முத்தையா நூலகம் போன்ற அனுபவமுள்ள நிறுவனங்கள் இதே ஊரில் இருக்கின்றன. 2003-ல் வளாகத்தில் உட்கார்ந்த பெண்கள் இப்போது நாற்பதை ஒட்டிய வயதில் இருப்பார்கள். அவர்கள் பேச்சைப் பதிவு செய்ய இதுதான் நேரம். உங்கள் அம்மாவோ பாட்டியோ ராணி மேரியில் படித்தவர் என்றால், எந்த ஆண்டு, என்ன பாடம், எப்படிப் போய்வந்தார், யார் தடுத்தார், யார் அனுப்பினார் என்று கேட்டு எழுதி வையுங்கள். வீட்டுப் பெட்டியில் வகுப்புப் புகைப்படம் இருந்தால், அதில் நிற்பவர்களின் பெயர்களை அவர்கள் நினைவிருக்கும்போதே பின்புறம் குறித்து, ஒரு படியைக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுங்கள்.